11 பேரப்பிள்ளைகள், 11 மரங்கள், ஒரே தட்டு: போன்சாய் தாத்தா ஜான் நாக்காவின் கதை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைகை அணைக்குப் போயிருக்கீங்களா? ஆண்டிபட்டி தாண்டி உள்ளே திரும்பினதுமே காத்து மாறிடும். 1959-ல திறந்த அணை. 71 அடி நிரம்பினா மதுரை வரைக்கும் சந்தோஷம். தண்ணி இல்லாத மாசத்துலகூட இரண்டு கரையிலயும் இருக்கிற பூங்காவுக்குக் கூட்டம் வந்துட்டேதான் இருக்கும். வறுத்த மீன் ஒரு கையில, போன் ஒரு கையில. கத்தரிச்சு வெச்ச செடிக்குப் பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி, ரெண்டு ரீல்ஸ்.

அடுத்த தடவை அந்தச் செடிக்குப் பக்கத்துல நிக்கும்போது ஒரு நிமிஷம் அதைப் பாருங்க. ஒரு புதரைப் பந்து மாதிரி வெட்டணும்னா கத்தரியும் ஒரு மணி நேரமும் போதும். அதே செடியை, முழங்கை உயரத்துல, மலை உச்சியில 300 வருஷம் புயலைப் பார்த்து நிக்கிற மரம் மாதிரி மாத்தணும்னா?

அப்படி மாத்தின ஒரு மனுஷரோட கதைதான் இது. அவர் பேர் ஜான் நாக்கா. போன்சாய் வளர்க்கிறவங்க எந்த நாட்டுல இருந்தாலும் இந்தப் பேரைத் தெரியாம இருக்க மாட்டாங்க. இன்ஸ்டாவுல போன்சாய் படங்களைத் தள்ளிட்டே போனா ஒரு காடு கண்ணுல படும். உயரமான மெல்லிய மரங்கள், மேலே வெளுத்த மொட்டைக் கிளைகள், கீழே அடர் பச்சை. முதல்ல பார்க்கும்போது நிஜக் காடுன்னுதான் தோணும். அது ஒரு தட்டையான தொட்டிக்குள்ள நிக்கிற 11 ஜூனிபர் மரங்கள். அந்தக் காட்டுக்குப் பேர் கோஷின். அதை உருவாக்கினவர் இவர்தான்.

தாத்தாகிட்ட கத்துக்கிட்டது

1914 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தார் ஜான் நாக்கா. அப்பா, அம்மா இருவரும் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். பையனுக்கு 8 வயசு ஆனபோது குடும்பம் ஜப்பானுக்கே திரும்பியது. அங்கேதான் தாத்தாவோட தோட்டத்தில் போன்சாய் அறிமுகம்.

நம்ம ஊர்ல தாத்தா தென்னைக்குப் பாத்தி கட்டும்போது பேரன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்ப்பான் இல்லையா, அதே மாதிரி ஒரு பழக்கம். வகுப்பும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. தண்ணி எப்போ ஊத்தணும், எந்தக் கிளையை விடணும், எதை எடுக்கணும்னு கூட இருந்தே தெரிஞ்சுக்கிற வித்தை. அந்த 13 வருஷம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

1935-ல், 21 வயதில், மறுபடி அமெரிக்கா. கொலராடோவின் போல்டர் ஊரில் தங்கினார். கல்யாணம், மனைவி ஆலிஸ், மூன்று மகன்கள். போன்சாய் அப்போ அவருக்கு மனசுல இருந்த ஒரு விஷயம், அவ்வளவுதான்.

அதுக்கு நடுவுல உலகப்போர். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு வீடுகளிலிருந்து கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தது. சுமார் 1,20,000 பேர். அதில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துட்டுப் போகலாம். கடை, வயல், வீடு எல்லாம் அப்படியே போச்சு. தொட்டியில வளர்த்த மரத்துக்கு யார் தண்ணி ஊத்துறது? தினமும் தண்ணி கேட்கிற உயிர் அது.

நாக்கா இருந்த கொலராடோ கடற்கரையிலிருந்து தள்ளி இருந்ததால் அந்த உத்தரவுக்குள் வரவில்லை. ஆனா போர் முடிஞ்சு, கடைசி முகாமும் மூடின அதே 1946-ல குடும்பத்தோட அவர் போய் இறங்கின இடம் லாஸ் ஏஞ்சலஸ். முகாமிலிருந்து திரும்பின ஜனங்க எல்லாத்தையும் முதலிலிருந்து தொடங்கிக்கிட்டிருந்த ஊர். ஜப்பானிய முகத்தைப் பார்த்தாலே முறைக்கிற காலம். அங்கே அவர் தோட்டம் அமைக்கும் வேலை பார்த்தார். பகலில் அடுத்தவங்க வீட்டுத் தோட்டம். மிச்ச நேரத்தில் தன் வீட்டுக் கொல்லையில் தொட்டிகள்.

எதிரி வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லித் தரலாமா?

1950 நவம்பரில் அவரும் நான்கு போன்சாய் நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கலிஃபோர்னியா போன்சாய் சங்கம்.

இந்த இடத்துலதான் எனக்கு நாக்காவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்போ போன்சாய் ஜப்பானியர்களுக்குள்ளயே, ஜப்பானிய மொழியிலயே சுத்திக்கிட்டிருந்த கலை. நாலு வருஷம் முன்னாடி வரை உங்க ஜனங்களை வேலிக்குள்ள வெச்ச நாடு. உங்ககிட்ட அவங்ககிட்ட இல்லாத ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதை நீங்க யாருக்குச் சொல்லித் தருவீங்க? நேர்மையாச் சொல்லுங்க. நானா இருந்தா மூடி வெச்சிருப்பேன்.

நாக்காவுக்கு இரண்டு மொழியும் சரளம். யார் வந்து கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர்னு பார்க்கலை. ஒரு சாதாரண நர்சரிச் செடியை மேசைமேல வெச்சு, அது இன்னும் சில வருஷத்தில் எப்படி இருக்கும்னு கூட்டத்துக்கு முன்னாடி படமா வரைஞ்சு காட்டுவார். வரைஞ்சு முடிச்சுட்டு, செடியைத் தொடுவார். பல நாடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 1973-லும் 1982-லும் அவர் எழுதிய இரண்டு போன்சாய் நுட்ப நூல்கள் இன்னைக்கும் இந்தக் கலைக்காரங்க அலமாரியில் இருக்கும் பாடப்புத்தகங்கள். போன இடத்திலெல்லாம் அவர் வலியுறுத்தின விஷயம் ஒண்ணு: ஜப்பானிய மரத்தைத் தேடி அலையாதீங்க, உங்க மண்ணுல என்ன வளருதோ அதை எடுங்க. அவரே கலிஃபோர்னியாவின் பாலைவன ஜூனிபர்களை எடுத்துப் பழக்கினவர்தான்.

கம்பம் திராட்சைக்கும் ஜூனிபருக்கும் என்ன வித்தியாசம்?

கம்பம் பள்ளத்தாக்குல கவாத்து பண்றதைப் பார்த்திருக்கீங்களா? பன்னீர் திராட்சைக் கொடியை மொட்டையா வெட்டிவிடுவாங்க. பார்க்கிறவனுக்குப் பாவமா இருக்கும். கொஞ்ச நாள்ல துளிர் வெடிச்சு, பந்தல் மூடி, சுமார் நாலு மாசத்துல குலை தொங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஜாதி அது. ஆலமரமும் புளியும்கூட அப்படித்தான்.

ஜூனிபர் அப்படி இல்லை. பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து அது மறுபடி துளிர்ப்பது அபூர்வம். ஒரு கிளையில இருக்கிற பச்சையை முழுசா எடுத்துட்டீங்கன்னா அந்தக் கிளை முடிஞ்சது. அதனால ஜூனிபர்ல ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி யோசிக்கணும். கத்தரிக்கோலை வெச்சு மேலோட்டமா முடிவெட்டுற மாதிரி வெட்டினா நுனியெல்லாம் பழுப்பாகும். நீண்டு வந்த தளிரை மட்டும் தேடிப் பிடிச்சு, அடியில ஒண்ணொண்ணா எடுக்கணும்.

வளைக்கிறதுக்குக் கம்பி. அலுமினியமோ, சூடாக்கி இளக்கின செம்போ. கிளையோட தடிமனில் மூணுல ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியை 45 டிகிரி சாய்வில் சுத்தி, மெதுவா கீழ்நோக்கி இறக்குவாங்க. ஏன் கீழ்நோக்கி? இளம் மரத்தோட கிளை மேலே பார்க்கும். வயசான மரத்தோட கிளை பாரம் தாங்காம தொங்கும். கிளையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே மரத்துக்கு ஐம்பது வயசு கூடிடும். ஆனா கம்பியை மறந்துட்டா கிளை பருத்து, கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு, வாழ்நாள் தழும்பாகிடும். சரியான நேரத்துல கழட்டுறதும் வேலையில பாதி.

அடுத்தது செத்த கட்டை. தேவையில்லாத கிளையை அடியோட வெட்டித் தள்ளாம, பட்டையை உரிச்சு, நாரைக் கிழிச்சு, வெள்ளை எலும்பு மாதிரி விட்டுடுவாங்க. இதை ஜப்பானியர்கள் ஜின்னு சொல்றாங்க. அடிமரத்துல பட்டையை உரிச்சு வெள்ளைக் கோடா ஓட விட்டா அது ஷாரி. மின்னல் அடிச்சு, வெயில் காய்ச்சி, இருந்தும் உயிரோட நிக்கிற மரம்ங்கிற தோற்றம் அதிலதான் வருது. ஜூனிபர் கட்டை சீக்கிரம் மக்காது. அதனால இந்த வேலைக்கு அதுதான் ராஜா.

அளவிலும் பல ரகம் உண்டு. உள்ளங்கையில் நிக்கிற மாமே, சுமார் 20 செ.மீ. வரைக்கும் போற ஷோஹின், அப்புறம் ஒருத்தர் தூக்குறது, ரெண்டு பேர் சேர்ந்து தூக்குறதுன்னு பெரிசாகிட்டே போகும். சின்னது சுலபம்னு நினைக்காதீங்க. ஒரு டம்ளர் மண் கோடையில் மதியத்துக்குள்ள காஞ்சிடும். கிளையும் மூணோ நாலோதான், ஒண்ணு தப்பினா மறைக்க இடமில்லை.

கோஷின் வளர்ந்த கதை

இப்போ அந்தக் காட்டுக்கு வருவோம். 1948-ல் நாக்கா ஃபோமினா என்ற சீன ஜூனிபர் ரகத்தில் இரண்டு செடிகளைப் பழக்கத் தொடங்கினார். ஃபோமினா நிமிர்ந்து வளரும், இலை ஊசி மாதிரி குத்தும். அப்போ அவர் மனசுல காடு எதுவும் இல்லை. தனித்தனி மரங்கள்தான்.

ஜப்பானில் ஒரு வழிபாட்டுத் தலத்துக்குப் பக்கத்தில் ஓங்கி நின்ற சுகி மரக் காடு அவர் மனதில் தங்கியிருந்தது. நம்ம ஊர்க் கோயில்காடு மாதிரின்னு வெச்சுக்கோங்க. சாமி மரம்னு யாரும் கோடாலி வைக்காம விட்டதால வானத்தைத் தொட்ட மரங்கள். 1964-ல் தான் வளர்த்த நான்கு ஃபோமினாக்களை ஒரே தட்டில் சேர்த்து அந்தக் காட்டைக் கொண்டுவரப் பார்த்தார். கொஞ்ச நாளில் இன்னும் மூன்று சேர்ந்தன. ஏழு. அப்போ அவருக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேர். ஒருத்தருக்கு ஒரு மரம்.

கேட்க எவ்வளவு அழகா இருக்கு. ஆனா மரம் உயிருள்ள பொருளாச்சே. தொட்டியில் தண்ணி சரியா வடியலை. வேர் அழுகி, சில மரங்கள் பட்டுப்போயின.

உங்க பேரன் பேர்ல நட்ட மரம் பட்டுப்போனா உங்க வீட்டுப் பாட்டி என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்டுல ஒரு வாரம் சோறு இறங்காது. உலகத்துக்கே போன்சாய் சொல்லிக் கொடுக்கிற ஆள், முதல் பாடமான வடிகாலில் சறுக்கியிருக்கார். அவர் அந்தக் காட்டைக் கலைச்சுட்டுப் போகலை. வடிகாலைச் சரி பண்ணினார். பட்டுப்போன இடத்தில் மாற்று மரங்களை வைத்தார். பேரப்பிள்ளைகள் கூடினாங்க, மரமும் கூடினது. 1973 வாக்கில் பேரப்பிள்ளைகள் 11, மரங்கள் 11. நண்பர்கள் சொன்ன பிறகுதான் அதுக்கு ஒரு பேர் வைத்தார்: கோஷின். ஆன்மாவைக் காப்பதுன்னு பொருள் சொல்வாங்க. நம்ம மொழியில் காவல் தெய்வம்னு சொன்னா பக்கத்துல வந்துடும்.

கோஷின் படத்தை இப்போ போன்ல தேடி எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்க. பெரிய, தடிச்ச மரங்கள் கண்ணுக்கு முன்னாடி. சின்ன, மெல்லிய மரங்கள் பின்னாலயும் ஓரத்திலயும். எல்லாம் ஒரே அளவுல இருந்தா அது வேலி மாதிரி தெரியும். அளவு குறையக் குறையக் கண்ணு தூரம்னு நம்பிடும். அதனாலதான் ஒரு தட்டுக்குள்ள அவ்வளவு பெரிய காடு. உச்சிகளைப் பாருங்க, வெளுத்த ஜின். நடுவுல ஒத்தையடிப் பாதை மாதிரி காலி இடம். அதுல ஒரு ஆள் நடந்து வருவார்னு தோணுது பாருங்க, அங்கதான் நாக்கா ஜெயிச்சார். குட்டித் தொட்டிச் செடின்னு யாருக்கும் தோணக்கூடாது, மரம்னுதான் தோணணும். வாழ்க்கை பூரா அவர் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்.

டி.வி. பக்கத்துல ஒரு ஜூனிபர்

இதையெல்லாம் படிச்ச ஜோர்ல நானும் ஆன்லைன்ல ஒரு ஜூனிபர் வாங்கினேன். அழகான தொட்டி. டி.வி.-க்குப் பக்கத்துல வெச்சேன். ஒரு மாசம் பச்சையா நின்னுச்சு. வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையாக் காட்டினேன். ஒருநாள் இலையைத் தொட்டா மொறுமொறுன்னு உதிருது. அப்புறம்தான் தெரிஞ்சது, ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்குல பச்சையாவே நிக்குமாம். நான் ஒரு பிணத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

ஜூனிபர் வீட்டுக்குள்ள வைக்கிற செடியே இல்லை. அதுக்கு வெயில் வேணும், காத்து வேணும், குளிர்காலமும் வேணும். கொடைக்கானல்ல ஒரு கை பார்க்கலாம். ஆண்டிபட்டி, தேனி பக்கத்துச் சித்திரை வெயில்ல மொட்டை மாடித் தரை கொதிக்கும்போது ரொம்பக் கஷ்டம்.

அதனால நாக்கா சொன்ன மாதிரியே பண்ணலாம். நம்ம மண்ணுல என்ன இருக்கு? ஊசி இலை வேணும்னா சவுக்கு. பொடி இலை வேணும்னா புளி, கொடுக்காப்புளி. பழைய சுவர் இடுக்குல தானா முளைச்ச ஆலோ அரசோ இருந்தா இன்னும் நல்லது, பட்டினி கிடந்தே பழகின செடி அது. இதுங்க எல்லாம் தப்பு பண்ணினாலும் மறுபடி துளிர்த்து மன்னிச்சுடும். மண்ணுல மணல் சரளை கூட இருக்கட்டும். தொட்டி வாங்கும்போது பூ டிசைனைப் பார்க்காதீங்க, கவுத்துப் போட்டு ஓட்டையைப் பாருங்க. கோஷின் மரங்களையே விட்டு வைக்காத பிரச்னை அது.

விட்டுக் கொடுத்த பிறகு

1976-ல், அமெரிக்காவின் 200-வது சுதந்திர ஆண்டுக்கு, ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசாக அனுப்பியது. வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் அவற்றுக்குன்னே ஒரு காட்சியகம் உருவானது. அதில் ஒரு வெள்ளைப் பைன். 1625-லிருந்து தொட்டியில் பழக்கப்பட்ட மரம். 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், வளர்த்தவர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்து தப்பியது. கொடுத்தவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. 2001-ல் அவருடைய பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் காட்சியகத்துக்கே அந்த விஷயம் தெரிந்தது. குண்டு போட்ட நாட்டுக்கே அந்த மரம்!

ஜப்பானிலிருந்து வந்த மரங்களுக்குப் பக்கத்தில் அமெரிக்காவில் வளர்ந்த மரங்களும் நிக்கணும்னு பேச்சு வந்தது. 1984-ல் நாக்கா கோஷினையே கொடுத்தார். அவருக்கு அப்போ 70 வயசு. முதல் செடியைத் தொட்டு 36 வருஷம். பேரப்பிள்ளைகளோட மரங்கள், வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பி, நாட்டோட அந்தக் கோடிக்குப் போச்சு. வித்திருந்தா என்ன விலை போயிருக்கும்னு கேட்கத் தோணும். எனக்கும் தோணுச்சு.

1985-ல் ஜப்பான் பேரரசர் அவருக்கு உதய சூரியன் விருது வழங்கினார். 1990-ல் அந்தக் காட்சியகத்தின் வட அமெரிக்கப் பகுதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1992-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் கௌரவம். முள்வேலி போட்ட நாடும் மாலை போட்டது, தாத்தாவோட நாடும் மாலை போட்டது.

2004 மே 19 அன்று, 89 வயதில், ஜான் நாக்கா காலமானார். கோஷினுக்கு அன்றைக்கும் யாரோ தண்ணி ஊத்தியிருப்பாங்க. இன்னைக்கும் ஊத்துறாங்க. நீண்ட தளிரை எடுக்க, கம்பியைக் கழட்ட, மண் மாத்த அங்கே ஆட்கள் இருக்காங்க.

வாஷிங்டன் பக்கம் உங்க அண்ணனோ, சித்தி பொண்ணோ இருந்தா ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. மரப்பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போடச் சொல்லுங்க. வந்ததும் 11 மரத்தையும் எண்ணிப் பாருங்க. முதல் தடவையில எட்டோ ஒன்பதோதான் வரும். மிச்சம் சின்னதுங்க பெரிய மரங்களுக்குப் பின்னால நிக்கும்.